லிவியாவின் இறால் விரதம்

கேட்காமலே ஒரு தட்டு மேசைக்கு வந்துவிட்டது.

"இது பாப்பாவுக்கு. என் கையால போட்டது. எங்க கடைக்கு முதல் தடவ வர்ற புள்ளைங்களுக்கு இது மரியாதை" என்றாள் லிண்டவுரா அம்மாள். சொன்னதோடு போயிருக்கலாம். போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாப்பா முதல் வாய் கடிப்பதைப் பார்க்க நின்றாள்.

தட்டில் இரண்டு அக்கராஜே. செம்பனை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிந்த காராமணி வடைகள். இரண்டின் வயிற்றையும் கீறி, உள்ளே இறாலை அடைத்திருந்தாள். தலையோடும் மீசையோடும் இருந்த இறால்கள் எவால்டோவையே பார்த்தன.

எவால்டோ சொல்லவேண்டியது ஒரே ஒரு விஷயம். அதைத் தீவுக்கு வரும் படகிலேயே மனப்பாடம் செய்திருந்தான். காலையில் விடுதி அறையில், கட்டிலில் குப்புறப் படுத்தபடியே அவன் மனைவி ரோசெலி மறுபடியும் ஒப்பிக்க வைத்தாள். "என் மகளுக்கு இறால் அலர்ஜி. இறால் பட்ட சட்டி, கரண்டி, எண்ணெய் எதுவுமே ஆகாது." முந்தைய நாள் கடற்கரை மணலில் தூங்கிப்போய், ரோசெலியின் உடம்பு முழுக்க வெயிலில் வெந்துவிட்டது. துணி பட்டாலே அலறுகிறாள். அதனால்தான் மகளைச் சாப்பிடக் கூட்டிப்போகும் வேலை அவனிடம் வந்தது.

சும்மா வரவில்லை. போன வருஷம், உடன் வேலை செய்பவரின் கல்யாணத்தில், தட்டில் வந்த பலகாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று மணப்பெண்ணின் அம்மாவிடம் கேட்க எவால்டோவுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லிவியாவின் உதடுகள் வீங்கின. கண்கள் கோடாகச் சுருங்கின. மணமக்கள் கேக் வெட்டும்போது அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அன்றிலிருந்து ரோசெலி இல்லாமல் மகள் அவனோடு வெளியில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

"இன்னிக்கும் வாயத் தொறந்து கேக்கலேன்னா வச்சுக்கோ," என்று தலையணைக்குள்ளிருந்து ரோசெலி சொல்லியிருந்தாள், "இனிமே அவளை ஒரு ஐஸ்கிரீம் கடைக்குக்கூட உன்னோட அனுப்பமாட்டேன். பஸ் ஸ்டாண்டுல ஆயிரம் பேருக்கு மைக்குல அறிவிக்கறே. ஒரு சமையக்காரிகிட்ட சொல்ல முடியாதா?"

அதுதான் விஷயம். தெற்கே, அவன் ஊரான குரிட்டிபாவின் பேருந்து நிலையத்தில் அவன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசுவான். ஆயிரம் பேர் கேட்பார்கள். ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அந்த ஊரில் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரோடு மாட்டிக்கொண்டால் இருவரும் மரியாதையாகக் கூரையைப் பார்ப்பது வழக்கம். இங்கே, வடக்கே பாயியாவின் இந்தத் தீவில், முன்பின் தெரியாதவள் "ராசா" என்று கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டுகிறாள்.

"என்ன ராசா முழிக்கறே? என் கைப்பக்குவத்து மேல சந்தேகமா?"

ஆறு மேசைகளிலிருந்தும் தலைகள் திரும்பின. அவன் காது இரண்டும் சூடேறின.

மேசைக்கு அடியில் லிவியா காலால் தட்டினாள். "அப்பா, நான் சொல்லட்டுமா?"

"நீ சும்மா இரு. அப்பா சொல்றேன்."

அவன் தொண்டையைச் சரிசெய்தான். "அம்மா, என் மகளுக்கு வந்து... இறால்..."

"ம்?"

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு புனிதர், காலடியில் நாயோடு படத்தில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"...இறால் சாப்பிடறதில்லேன்னு ஒரு வேண்டுதல்."

லிண்டவுரா அம்மாள் நெருப்பைத் தொட்டவள்போலத் தட்டைப் பிடுங்கினாள். "அய்யய்யோ! மொதல்லயே சொல்றதுக்கென்ன ராசா! விரதக்காரப் புள்ளை முன்னால இறாலை வச்சுட்டேனே பாவி!" சமையலறைப் பக்கம் திரும்பி அடித்தொண்டையில் கத்தினாள். "ஜுசாரா! பரண்லேர்ந்து புதுச்சட்டிய எடு! எண்ணெய மாத்து! கையச் சோப்பு போட்டுக் கழுவு! இறால் வெட்டின கத்தி அந்தப் பக்கமே போகக்கூடாது! விரதச் சாப்பாடு!"

எவால்டோ அசந்துபோனான். அலர்ஜி என்று சொல்லியிருந்தால், கரண்டியை ஒரு தடவை அலசியிருப்பார்கள். இதென்ன, சமையலறையையே கழுவுகிறார்கள்! ரோசெலி ஒப்பிக்க வைத்ததைவிட இதுவல்லவா பலமான பாதுகாப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காதுச் சூடு கொஞ்சம் தணிந்தது.

"அப்பா, எனக்கு என்ன வேண்டுதல்?" என்றாள் லிவியா மெதுவாக.

"அப்புறம் சொல்றேன்."

"அம்மாகிட்டயும் இதையேதான் சொல்லப்போறியா?"

அவன் மெனு அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான்.

அட்டைக்கு மேலே லிண்டவுரா அம்மாளின் முகம் எட்டிப்பார்த்தது. "எந்தப் புனிதருக்கு ராசா?"

"அதோ... இவருக்குத்தான்." நாய்க்காரரைக் காட்டினான்.

"எங்க புனித ரோக்குக்கா!" அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "சீக்காளிங்களுக்கு அவரை விட்டா யாரு? யாருக்கு முடியல?"

பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு உண்மைதான் கைகொடுக்கும். "மனைவிக்கு," என்றான்.

"அடக் கடவுளே! என்ன பண்ணுது?"

"ராத்திரிலேர்ந்து படுத்த படுக்கை. உடம்பெல்லாம் நெருப்பா கொதிக்குது. துணி பட்டாக்கூடக் கத்தறா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். அதைத் திருத்துவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "வெளிய வரவே கூடாதுன்னுட்டாரு."

டாக்டரை விட்டால் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் லிண்டவுரா அம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. லிவியாவின் தலையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இத்தினூண்டு புள்ள, அம்மாவுக்காக நாக்கைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே! கேட்டீங்களாடி? கேட்டீங்களாய்யா?"

எல்லோரும் கேட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். பூண்டில் வதக்கிய இறாலைப் பாதி கடித்திருந்த அவர், அதைச் சற்று நேரம் சோகமாகப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். அவர் மனைவி தட்டை அப்பால் தள்ளினாள். "அந்தப் புள்ள கண்ணு முன்னால நாம இறால் திங்கறதா? எடுத்துட்டுப் போங்கம்மா."

"ஐயோ, வேண்டாங்க," என்று எவால்டோ பதறினான். "நீங்க சாப்பிடுங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"பாத்தீங்களா? இந்த நிலமையிலயும் அடுத்தவங்க பசியை நினைக்கறாரு!" என்றாள் அந்த அம்மா. அவள் அதைச் சொன்னதும், ஆறு மேசைகளிலும் இருந்த இறால் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சமையலறைக்குத் திரும்பின. எவால்டோவுக்கு நாற்காலியோடு மணலுக்குள் இறங்கிவிடலாம்போல இருந்தது.

மீன் வந்தது. புதுச்சட்டியில், தேங்காய்ப்பாலில் கொதித்த மீன். லிவியா ஆசையாகச் சாப்பிட்டாள். உதடு உதடாகவே இருந்தது. ரோசெலியிடம் இதை எப்படிச் சொல்வது என்று எவால்டோ யோசிக்க ஆரம்பித்தான். 'சாப்பிட்டா, ஒண்ணும் ஆகல.' இவ்வளவு போதாதா?

அப்போதுதான் மூலை மேசையிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் எழுந்துவந்தார். கழுத்தில் கயிறு, கயிற்றில் கோவில் சாவி.

"டெரால்டோ அண்ணன்" என்று எழுந்து நின்று இடம்விட்டாள் லிண்டவுரா அம்மாள். "பக்கத்துல புனித ரோக்கு கோவிலைப் பாத்துக்கறவரு. இந்தத் தீவுல யாரு என்ன வேண்டிக்கிட்டாலும் அண்ணன் காதுல போட்டுட்டுத்தான்."

டெரால்டோ எவால்டோவைப் பார்க்கவேயில்லை. குனிந்து லிவியாவைக் கேட்டார். "வயசு என்ன தாயி?"

"எட்டு."

"பூசையில மொத அப்பம், அதான் புதுநன்மை, வாங்கியாச்சா?"

"இன்னும் இல்ல."

அவர் நிமிர்ந்தார். "அப்ப செல்லாது."

ஆறு மேசைகளும் அவர் பக்கம் திரும்பின.

"புதுநன்மை வாங்காத புள்ள தலையில வேண்டுதலை ஏத்தக்கூடாது. எங்க புனிதரு அதை ஒத்துக்கமாட்டாரு. ஏத்தினவன்தான் சொமக்கணும்." சொல்லிவிட்டு வலது கையை லிவியாவின் உச்சந்தலையில் வைத்தார். எதையோ அள்ளுவதுபோல அள்ளினார். அப்படியே கொண்டுவந்து எவால்டோவின் தலையில் அழுத்தினார். கை நல்ல கனம். "முடிஞ்சுது. இனி பாரம் அப்பன் தலையில. புள்ளைக்கு விடுதலை."

எல்லோரும் கைதட்டினார்கள். பூப்போட்ட சட்டைக்காரர் மட்டும் சமையலறையை எட்டிப்பார்த்தபடி தட்டினார்.

"ஜுசாரா!" லிண்டவுரா அம்மாளின் குரல் ஆனந்தத்தில் உடைந்தது. "அந்த அக்கராஜே தட்டக் கொண்டா! புள்ளை ஏங்கிப்போயிருக்கும்!"

எவால்டோ இரண்டு கையையும் குறுக்கே நீட்டினான். "இல்ல! வேணாம்! ரெண்டு பேருக்கும்தான் வேண்டுதல்!"

"ஒரு வேண்டுதலுக்கு ரெண்டு தலையா?" என்றார் டெரால்டோ. "ஒருத்தன் போதாதுன்னு புனிதருக்கே கணக்குச் சொல்லித் தர்றியா?"

"அப்படி இல்லண்ணே. இது... அவளா வேண்டிக்கிட்டது. நான் ஏத்தல. அம்மா எழுந்து நடக்கற வரைக்கும் தொடமாட்டேன்னு அவளே புனிதர்கிட்ட சொல்லிட்டா."

டெரால்டோ மறுபடி குனிந்தார். "நெசமா தாயி?"

லிவியா அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு அந்த அலர்ஜி வாக்கியம் தெரியும். பள்ளியிலும் பிறந்தநாள் விழாக்களிலும் தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிடுவாள். இப்போதும் அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. எவால்டோவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"ஆமா மாமா," என்றாள் லிவியா. "நெசம்தான்."

சொல்லிவிட்டுத் தட்டில் குனிந்துகொண்டாள். முள்ளே இல்லாத மீனில் முள் பொறுக்க ஆரம்பித்தாள். எட்டு வயசுப் பெண்ணை ஒரு புனிதரின் படத்துக்குக் கீழே உட்காரவைத்து, தன் மானத்துக்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டோம் என்று எவால்டோவுக்கு உறைத்தது. போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவன் இவ்வளவு சிறுத்துப்போனதில்லை.

டெரால்டோ சாவியைக் கையில் எடுத்தார். "புள்ளையே நேராப் பேசிடுச்சா! அப்ப நான் சும்மா நிக்கக்கூடாது. அந்த அம்மாவுக்காக மணியடிக்கறேன்" என்று வேகமாக வெளியே போனார்.

அடுத்த நிமிஷம் கோவில் மணி முழங்கியது. லிண்டவுரா அம்மாள் முழங்காலிட்டாள். அவளைப் பார்த்து ஆறு மேசைகளும் முழங்காலிட்டன. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று எவால்டோவும் முழங்காலிட்டான்.

தீவில் வேளைகெட்ட வேளையில் மணி அடித்தால், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு தெரு தள்ளியிருந்த விடுதியில் ரோசெலி, "எதுக்கு மணி?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். "லிண்டவுரா கடையில யாரோ வெளியூர்ப் புள்ளைக்காம்" என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

கணவனின் சட்டையை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓடிவந்தாள். எரிச்சலுக்காகத் தயிரை முகத்திலும் கழுத்திலும் கெட்டியாகப் பூசியிருந்தாள். அந்த வெள்ளைக்கு நடுவில் கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. "லிவியா! லிவியா எங்க?" என்று அலறியபடி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா!" என்றாள் லிவியா.

முழங்காலிட்டிருந்தவர்கள் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். பிறகு லிண்டவுரா அம்மாள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். "எழுந்து வந்துட்டா! படுத்த படுக்கையா கெடந்தவ எழுந்து வந்துட்டா!"

"மணியடிச்சு முடியல, அதுக்குள்ள!" என்று விம்மினாள் பூப்போட்ட சட்டைக்காரரின் மனைவி.

ரோசெலி யாரையும் கவனிக்கவில்லை. மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். உதட்டைத் தடவினாள், கண்ணைப் பார்த்தாள், நெஞ்சில் காதை வைத்தாள். லிவியாவின் சட்டையெல்லாம் தயிரானது. "என்னடி சாப்பிட்ட?"

"மீன். புதுச்சட்டியில."

ரோசெலியின் தோள்கள் தளர்ந்தன. கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வியப்பு இருந்தது. அதற்குள் கொஞ்சம் அன்புகூட இருந்தது. "கேட்டியா? நீயே கேட்டியா?"

எவால்டோ வாயைத் திறந்தான்.

அதற்குள் தட்டுகள் திரும்பிவந்துவிட்டன. ஆறு மேசைகளின் இறாலும் லிவியாவின் முன்னால் குவிந்தது. வதக்கியது, பொரித்தது, குழம்பில் கிடந்தது, அக்கராஜேக்குள் ஒளிந்திருந்தது.

"வேண்டினது நடந்துடுச்சு, இனிமே விரதம் கெடையாது!" என்று அறிவித்தாள் லிண்டவுரா அம்மாள். "எதை விட்டாளோ அதாலயே முடிக்கணும். மொத இறால் புள்ளை வாயில விழட்டும். அப்புறம்தான் நாங்க தொடுவோம்!" ஒரு பெரிய இறாலை எடுத்து ஓட்டை உரித்து, இரண்டு விரலால் பிடித்து லிவியாவின் வாயருகே கொண்டுபோனாள். பசித்த கடை முழுவதும் அந்த விரல்களையே பார்த்தது.

லிவியா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ரோசெலிக்கு ஒன்றும் புரியவில்லை. கை நீட்டுவதற்குள் கூட்டம் நெருக்கியது. லிவியா அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவால்டோ எழுந்தான். கையால் இறாலைத் தட்டிவிட்டான். அது பறந்துபோய் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடியதும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதுபோல இருந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றான்.

கணீரென்ற குரல். தெருவில் போன கழுதைக்காரன்கூட நின்றான்.

"என் மகளுக்கு இறால் அலர்ஜி. இறால் பட்ட சட்டி, கரண்டி, எண்ணெய் எதுவுமே ஆகாது. வேண்டுதல் எதுவும் கிடையாது. என் மனைவிக்கு வந்தது வெயில் கொப்புளம். மேற்படி தகவலைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்."

கண்ணைத் திறந்தான். அத்தனை பேரும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கூரையைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் எதுக்குய்யா என் இறாலக் கீழ வச்சேன்?" என்றார் பூப்போட்ட சட்டைக்காரர்.

ரோசெலி தயிர் முகத்தைத் தயிர்க் கையால் மூடிக்கொண்டாள். லிவியா நாற்காலியை நகர்த்தி அப்பாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அதில்தான் எவால்டோவுக்கு அழுகை வந்தது.

லிண்டவுரா அம்மாளுக்குக் கோபமா, வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. "அலர்ஜின்னா அலர்ஜின்னு சொல்லவேண்டியதுதானே ராசா! அதுக்கும் நான் சட்டிய மாத்தியிருக்கமாட்டேனா? புனிதர் பேர்லயா பொய் சொல்றது? அவர் சும்மா விடுவாரா?" அப்போது மணியடித்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்த டெரால்டோவைக் காட்டினாள். "இதோ இவரைக் கேளு, புனிதரு என்ன செய்வாருன்னு!"

வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டிருந்தார் டெரால்டோ. கத்தவில்லை. எவால்டோவுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் குரலில் இரக்கம் இருந்தது.

"தம்பி, சின்ன வயசுல நானும் பொய்யன்தான். அடுத்தவன் வலைய எடுத்து வித்துட்டேன். திருவிழா அன்னிக்குக் கோவில் பந்தியில வச்சு ஊரே கேட்டுச்சு. நான் இல்லேன்னு இந்தப் புனிதர் மேலேயே சத்தியம் பண்ணிட்டுச் சோத்துல கை வச்சேன். பாதி சாப்பாடுகூட ஆகல. உதடு ரெண்டும் வீங்கிடுச்சு. கண்ணு மூடிக்கிச்சு. மூச்சு முட்டித் தட்டுலயே விழுந்தேன். ஊரே பாத்துச்சு. பொழைச்சதே அவர் மன்னிச்சதாலதான். அன்னிலேர்ந்து பொய் இல்ல, விருந்து இல்ல, கல்யாணங்காட்சி இல்ல. வேகவச்ச மரவள்ளியும் காப்பியும்தான். அவர் மணியத்தான் அடிச்சிட்டிருக்கேன்."

கடையில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எவால்டோ தலைகுனிந்தான்.

லிவியா மட்டும் டெரால்டோவின் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள், "அன்னிக்குப் பந்தியில என்ன போட்டாங்க? இறாலா?"